செல்லக்கனியின் படிவம்

1

இந்தக் கதை ஒரு மோசடியில் பிறந்தது. செய்தவன் நான். ஆகவே கதைசொல்லியை நம்பலாமா என்று யோசிக்கிற சிரமம் உங்களுக்கு இல்லை. நம்ப வேண்டாம்.

முதல் வரி இப்படி இருந்தது: 'பழைய புத்தகங்களின் வாசனை அவள் நாசியில்...' அடித்துவிட்டேன். எங்கள் நூலகத்தில் வௌவால் எச்ச வாடைதான்.

2

1996. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஒரு கல்லூரி. (பெயர் சொல்ல மாட்டேன். இப்போதும் அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போகிறேன்.) நூலகத்தின் வாசிப்பு அறையை எடுத்துவிட்டு, ஏ.சி. போட்டு கம்ப்யூட்டர் வைத்த நவீன கற்றல் மையம் கொண்டுவரலாமா என்று மாணவர் கருத்தைக் கேட்டுப் படிவம் வந்தது. கணிதம் மூன்றாம் ஆண்டுக்கு நான் பிரதிநிதி. நாற்பத்திரண்டு படிவங்கள், மாலை நான்கு மணிக்குள். மறுநாள் ஆண்டாள் தேர். வகுப்பில் மிஞ்சியது நானும் சோலைராஜும் பெஞ்சுகளும்.

"ஏலே, இத யாரு படிக்கப் போறா? நெரப்பித் தள்ளு" என்றான் சோலைராஜ்.

நிரப்பினோம். நீல மை, கறுப்பு மை, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து, இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. ஒரே மதியத்தில் அத்தனை பாத்திரங்களை நான் மறுபடி படைத்ததில்லை. எல்லோருமே கம்ப்யூட்டர் கேட்டார்கள். எங்களில் யாரும் கம்ப்யூட்டரைப் பார்த்ததில்லை, அதனால்தான்.

எங்கள் வகுப்புச் செல்லக்கனியின் படிவத்தில், இடப்பக்கம் சாய்த்து, 'நூலகத்தில் தூசி. தும்மல் தாங்கவில்லை' என்று எழுதினேன். [அவள் தொடர்ந்து ஏழு தும்மல் போடுவாள். எண்ணியிருக்கிறேன். ஏன் எண்ணினேன் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம்.]

3

அவளை 'ஏழை மாணவி' என்று எழுதி அடித்தேன். 'அறிவுத் தாகம் கொண்ட' என்று ஆரம்பித்து, கூச்சம் வந்து நிறுத்தினேன். தெரிந்தது இவ்வளவுதான்: சத்திரப்பட்டியில் ஒற்றை அறை வீடு. சுவருக்கு அந்தப்பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறி, ஓயாமல். அவளிடம் பாடப்புத்தகம் கிடையாது. வெளியே எடுத்துப் போகக் கூடாத புத்தகங்களை வாசிப்பு அறையில் உட்கார்ந்து, தினமும் ஆறு மணி பஸ் வரைக்கும் படிப்பாள். இந்த வருஷம் தேறாவிட்டால் தறிக்கு வந்துவிட வேண்டும் என்று அவள் அய்யா சொல்லியிருந்தார்.

4

இரண்டு வாரம் கழித்து முடிவெடுக்கும் கூட்டம். முதல்வர் படிவக் கட்டிலிருந்து ஒன்றை உருவினார். நூலகத்தைவிட்டு நகராத மாணவியே சொல்கிறார், கேளுங்கள் என்று தும்மலை வாசித்தார். கூட்டம் சிரித்தது. என் எழுத்துக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே கைதட்டல் அது.

மூன்றாவது வரிசையில் இருந்த செல்லக்கனி சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் நேரே என்னிடம் வந்தாள்.

"நான் தும்முறது நெசந்தான். அதுக்கு மூக்கையா அறுப்பாக?"

குரலைத் தாழ்த்தினாள்.

"இப்ப நான் போய்ச் சொன்னா, மாத்திப் பேசுதான்னு நெனைப்பாக. நீங்க சொன்னா நம்புவாக. திங்கக்கெழமைக்குள்ள சொல்லிருங்க."

"சொல்லுதேன்" என்றேன்.

5

இந்த இடத்துக்கு இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன்.

அ) நான் முதல்வர் அறைக் கதவைத் தட்டி... (இரண்டு பக்கம் ஓடியது. அதில் நான் மிகவும் அழகாக இருந்தேன். கிழித்தேன்.)

ஆ) கற்றல் மையத்தில் படித்தே அவள் முதல் வகுப்பில்...*

நடந்தது வேறு. திங்கட்கிழமை புத்தகங்கள் சாக்கில் கட்டி சைக்கிள் கொட்டகைக்குப் போயின. கல்லூரியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று பயந்து நான் விடுப்பு எடுத்தேன். ஐப்பசி மழையில் கொட்டகை ஒழுகியது. மிச்சத்தைக் கரையான் படித்தது. ஏப்ரல் தேர்வில் செல்லக்கனி இரண்டு தாளில் தோற்றாள். வைகாசியில் தறிக்குப் போனாள்.

1999இல் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தலைமுடியெல்லாம் தறிப் பஞ்சு. இருமிக்கொண்டிருந்தாள். நான் எண்ணவில்லை. சௌக்கியமா என்று கேட்டேன்.

"பஸ் வந்துருச்சு" என்றாள்.

* ஆறு கம்ப்யூட்டர்கள். கணிதக்காரர்களுக்கு நேரம் ஒதுக்கவே இல்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம்.

6

கடைசியில் அவள் மனதைச் சொல்ல வேண்டும், அதுதான் முறை. 'செல்லக்கனி நினைத்தாள்' என்று மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்றாவது தடவை எழுத்தைக் கவனித்தேன். இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

அதனால் படிவத்தை உங்களிடம் தருகிறேன். உங்களிடமும் பேனா இருக்கும். மூடியே இருக்கட்டும்.

பெயர்: செல்லக்கனி
வகுப்பு: கணிதம், மூன்றாம் ஆண்டு
நூலகமா, கற்றல் மையமா? உங்கள் கருத்து:

............................................