அரசலாறு ஏர்லைன்ஸின் ஒரே விமானம்

பெரிய கம்பெனி ஒன்றில் விமானம் ஓட்டிக்கொண்டிருந்த பிரகதீஸ்வரி, வேலையை விட்டுவிட்டுத் தஞ்சாவூருக்கே வந்து சொந்தமாக விமானக் கம்பெனி தொடங்கப்போவதாக வீட்டில் சொன்னாள். பஸ் விட்டவர்களே நொடித்துப்போன ஊரில் பிளேன் விடுவதா என்று அப்பா முணுமுணுத்தார். அவளுக்குத் துணையாக வந்தவர் நாகப்பட்டினத்துக்காரர் ஜெக்கரியா; வளைகுடாவில் விமான மெக்கானிக்காக இருந்தவர். பத்தொன்பது பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்றை வாங்கி, ஒரத்தநாடு பக்கம் வயல்களுக்கு நடுவே கிடந்த தனியார் ஓடுதளத்திலிருந்து சென்னைக்கு ஓட்டினார்கள். வாலில் ‘அரசலாறு ஏர்லைன்ஸ்’ என்று பச்சை எழுத்து.

முதல் வருஷம் பாதி இருக்கை காலியாகவே பறந்தது. பிறகு சிங்கப்பூரிலிருந்து சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஓடிவருகிறவர்கள், சென்னை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் என்று கூட்டம் சேர்ந்தது. பக்கத்து வயல்களில் நடவு நடுகிற பெண்கள், காலை விமானம் கிளம்புவதைப் பார்த்துத்தான் கஞ்சி குடிக்கக் கரையேறுவார்கள். ஒருநாள் அது தாமதமாகிவிட, காளியம்மாள் என்கிற பெண் வேலிக்கு அப்பால் நின்று சண்டைக்கே வந்துவிட்டாள். பிரகதீஸ்வரி சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டாள். அன்றிலிருந்து இருவரும் பார்த்தால் பேசிக்கொள்வார்கள்.

நான்காம் வருஷம் ஐப்பசியில் புயல் அடித்தது. விடிந்ததும் போய்ப் பார்த்தால், விமானம் நிறுத்தும் ஷெட்டின் கூரை மொத்தமாக அதன் மேல் இறங்கியிருந்தது. ஜெக்கரியா உள்ளே தவழ்ந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இரும்புச் சட்டங்கள் தரையில் முட்டுக்கொடுத்து நின்றதால் விமானம் நசுங்கவில்லை. ஆனால் சட்டங்கள் வளைந்துகொண்டிருந்தன. இன்னொரு காற்று வந்தால் இறக்கை போய்விடும் என்றார். போன் வேலை செய்யவில்லை. செய்தாலும் கிரேன் வர வழியில்லை. சாலையெங்கும் தென்னை மரங்கள் குறுக்கே கிடந்தன. பிரகதீஸ்வரி ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் வரப்பு மேல் ஆட்கள் வருவது தெரிந்தது. முன்னால் செல்லதுரை, அந்தப் பக்கத்துக் கூலி ஆட்களை வேலைக்குக் கூட்டிப்போகிறவர். பின்னால் மூங்கில், வடக்கயிறு, வைக்கோல் கட்டோடு ஆணும் பெண்ணுமாக ஊரே வந்தது. காளியம்மாளும் இருந்தாள்.

பிரகதீஸ்வரிக்குத் தாங்கவில்லை. “உங்க வீட்டையெல்லாம் காத்து அடிச்சிட்டுப் போயிருக்கும். மொதல்ல அதப் போய்ப் பாருங்க” என்றாள்.

“பாத்துட்டுத்தான் வர்றோம் மேடம். அங்க தூக்கி நிறுத்த ஒண்ணும் மிச்சமில்ல. இங்க இருக்கு” என்றார் செல்லதுரை.

தகரம் உரசாமல் இருக்க இறக்கையெங்கும் வைக்கோலைப் பரப்பினார்கள். எங்கே பிடிக்கலாம், எங்கே கை வைக்கக்கூடாது என்று ஜெக்கரியா காட்டிக்கொண்டே போனார். மூங்கிலைக் கொடுத்து நெம்பி, கயிறு போட்டு இழுத்து, மழையில் நனைந்தபடி ஒவ்வொரு தகரமாக இறக்கினார்கள். மத்தியானத்துக்குள் விமானம் வெளியே நின்றது. அடுத்த வாரமே அது சென்னையிலிருந்து மருந்தும் தார்ப்பாயும் ஏற்றி வந்தது. முதல் தார்ப்பாய்கள் அந்த ஊர்க் கூரைகளுக்குத்தான் போயின.

மார்கழியில் பிரகதீஸ்வரி அந்த ஊர்க்காரர்களை முறைவைத்து விமானத்தில் மேலே கூட்டிப்போனாள். காளியம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே பார்த்தாள். ஆறும் வாய்க்காலும் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன.

“இம்புட்டுத் தண்ணியா நம்மளச் சுத்தி ஓடுது?” என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு சில வருஷம் நன்றாகவே ஓடியது. திருச்சியிலிருந்து பெரிய விமானங்கள் அதிகமானதும் பயணிகள் அங்கே போனார்கள். ஒருத்தருக்கும் சம்பள பாக்கி வைக்காமல் பிரகதீஸ்வரி கம்பெனியை மூடினாள். வருத்தம் இருந்தது, குறை என்று சொல்ல ஒன்றுமில்லை.

விமானத்தை வாங்க வந்த வெளிநாட்டு இன்ஜினியர் இறக்கையைத் தடவிப் பார்த்து, கூரையே விழுந்ததாகச் சொல்கிறீர்கள், கீறல்கூட இல்லையே, யார் எடுத்தது என்று கேட்டார். பிரகதீஸ்வரி ஒவ்வொரு பெயராகச் சொல்லத் தொடங்கினாள். சில பெயர்கள் நினைவுக்கு வரவில்லை. அவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, கேட்டு வர செல்லதுரை வீட்டுக்கு நடந்தாள்.