அணிலின் வலது இமை

கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, வலது இமையை மட்டும் சற்றுத் தாமதமாக மூடித் திறந்துவிட்டு, அதற்குப் பிறகே பேச வாயெடுக்கிறது திரையில் அந்த அணில், ஐயோ, இது எனக்குத் தெரியுமே என்று நாற்காலி நுனிக்கு வருகிறேன், ஏசி போட்ட அந்தச் சின்ன அறையிலேயே நான் ஆறு வயதுப் பிள்ளையாகி வடபழனி வாடகை வீட்டுக் கதவோரம் நிற்கிறேன், அம்மா நிலைக்கண்ணாடி முன்னால் உட்கார்ந்து உதட்டைக் கடிக்கிறாள், இமைக்கிறாள், காகிதத்தில் வரைகிறாள், மறுபடி இமைக்கிறாள், அம்மா என்று கூப்பிடுகிறேன், அவள் திரும்பவில்லை, கண்ணாடிக்குள் இருந்தவள் மட்டும் என்னைப் பார்த்தாள், அது அம்மாவே இல்லை, ஏதோ ஒரு பிராணி, நான் அலறியதும் சிரித்துக்கொண்டே, ஏண்டி பயப்படுற, அணிலு எப்படிப் பேசும்னு பாக்குறேன்டி என்றாளா, அல்லது அது பிறகு நான் கண்ட கனவா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கார்ட்டூன் கம்பெனியில் அவளுக்கு வர்ணம் பூசுகிற வேலை என்றுதான் தெருவில் சொல்லிக்கொண்டார்கள், பூசத்தான் பூசினாள், ஆனால் அந்த அணிலுக்கு உயிர் கொடுத்தவளும் அவள்தான், காகிதத்தில் வரைந்ததெல்லாம் கண்ணாடித்தாளில் படியெடுத்ததும் வெந்நீர் அடுப்புக்குப் போய்விடும், வர்ணம் பூசிய கண்ணாடித்தாளைப் படம் பிடித்து முடிந்ததும் வர்ணம் பூசுகிற பெண்களே தொட்டியில் கழுவி அடுத்த காட்சிக்குக் காயப்போடுவார்கள், தன் கையால் போட்டதைத் தன் கையாலேயே அழித்துவிட்டு வீட்டுக்கு வந்தவளுக்கு எந்தச் சாட்சி மிஞ்சும், படம் வெளிவருவதற்குள் டைபாய்டில் போய்ச் சேர்ந்தாள், டைட்டிலில் சித்திரம், கேசவலு என்று தன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டார் கம்பெனியின் டிராயிங் மாஸ்டர், நல்லா இருக்கட்டும் மகராசன்.

பழைய படங்களைச் செப்பனிடும் ஆபீஸ் இது, அணிலை வரைந்தது என் அம்மாதான் என்று சொல்ல வந்திருக்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அதிகாரி ஜெயசீலன், புது டைட்டில் நாளைக்குப் போட்டுடுவோம்மா, மாஸ்டரோட மகன்கிட்ட விசாரிச்சேன், லேடீஸ் எல்லாம் வர்ணம்தான் பூசினாங்களாம், உங்க அம்மா வரைஞ்சதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா, ஒரு போட்டோவாவது, என்கிறார், போட்டோவுக்கு நான் எங்கே போவேன், இருந்த ஒன்றும் மழை வெள்ளத்தோடு போனது, அம்மாவின் முகமே எனக்கு மறந்துபோயிருந்தது, அதைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது, கோபம் வந்துவிட்டது, என்ன சார் பேசுறீங்க என்று கேட்க அவர் பக்கம் திரும்பினேன்.

ஜெயசீலன் சட்டென்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார், படம் பாதியில் நின்றிருந்தது, அவர் கண் திரைக்கும் எனக்குமாக அலைந்தது, ம்மா, இப்ப நீங்க, பேசறதுக்கு முன்னாடி, உதட்டைக் கடிச்சீங்க, அந்த வலது கண்ணு, என்று தடுமாறினார், நான் எதுவும் செய்யவில்லையே, யாரோ உள்ளேயிருந்து என் முகத்தை அசைத்த மாதிரிதான் இருந்தது.

அம்மா பேரு என்ன என்றார், அபரஞ்சி என்றேன், வர்ணம், அபரஞ்சின்னு போட்டுடட்டுமா என்று மெதுவாகக் கேட்டார், வர்ணம் இல்ல, வரைஞ்சதுன்னு போடுங்க, என்றது என் வாய், அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. சரிங்கம்மா என்று பேனாவை எடுத்தவர், எழுதி முடிக்கும்வரை நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவே இல்லை.