ஆந்தையை வரவழைப்பவர்

எனக்கு அருவருப்பு அவ்வளவு சுலபத்தில் வராது. ரத்தம், சளி, மலம் எல்லாம் பரிசோதிக்கும் நிலையத்தில் வேலை. ஊரார் சின்ன டப்பாவில் அடைத்து, பேப்பரில் சுற்றி, திருட்டு நகையைக் கைமாற்றுவதுபோல் நீட்டுவதையெல்லாம் திறந்து பார்த்து எழுதிக் கொடுப்பவள் நான். வேலை முடிந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நேரே சாப்பிட உட்காருவேன். நான் கட்டிக்கொள்ளவிருந்தவன் என்னை 'டப்பா' என்றுதான் கூப்பிடுவான். அவன் கூப்பிட்டால் அதுவும் இனித்தது.

இழுத்தடித்தது அவனுடைய அப்பா. அவர் சரி என்றால்தான் கல்யாணம். அவர் பேச்சைத் தட்டி இவனுக்குப் பழக்கமில்லை. பறவை பார்ப்பவர்கள் சங்கத்துக்கு அவர் தலைவர். குளிர்காலம் வந்துவிட்டால் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு ஒரு கூட்டத்தைக் கடற்கரைக்கும் காட்டுக்கும் மேய்த்துக்கொண்டு போவார். அந்த ஞாயிறன்று கூட்டம் வேண்டாம், பெண் மட்டும் வரட்டும் என்று சொல்லி அனுப்பினார். இப்போதிருந்தே மாமா என்று கூப்பிட வேண்டும் என்பதும் அவர் உத்தரவு. அப்பாவிடம் மட்டும் வாயைக் கொடுக்காதே என்று இவன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

முதலில் கடற்கரை. மணலும் அலையுமாக எத்தனையோ இடம் இருக்க, ஊர்ச் சாக்கடை கடலில் விழும் இடத்துக்குக் கூட்டிப்போனார். கறுப்புச் சேறு, மஞ்சள் நுரை, மிதந்து வந்த டயப்பர் ஒன்று. குளிர்காலத்தில் பறவைகளுக்கு இங்கேதான் நல்ல தீனி என்றார். பொய்யில்லை, உள்ளான்கள் சேற்றில் அலகைக் குத்திக் குத்திப் புழுவை உருவிக்கொண்டிருந்தன. அவர் உள்ளான்களைவிட என் மூக்கைத்தான் அதிகம் கவனித்தார். நான் கைக்குட்டையைக்கூட வெளியே எடுக்கவில்லை. கலரைப் பார்த்தால் ஊரில் பாதிப் பேருக்கு வயிறு சரியில்லை போலிருக்கிறது மாமா என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்து காடு. பொந்து விழுந்த ஒரு பெரிய மரத்தடியில் சாம்பல் நிறத்தில் உருண்டைகள் கிடந்தன. ஆந்தை எலியை அப்படியே விழுங்கிவிட்டு, செரிக்காத முடியையும் எலும்பையும் இப்படிக் கக்கிவிடுமாம். ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். பிரித்தேன். பல்லோடு ஒரு தாடை கிடைத்தது, அதை அவரிடமே நீட்டினேன். "தேறிட்ட" என்றார். நான் வாயெல்லாம் பல்லாக நின்றேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு பையிலிருந்து ஒரு சின்ன ஸ்பீக்கரை எடுத்துப் புதருக்குள் வைத்தார். அதில் இன்னொரு ஆந்தையின் குரல். பதிவு செய்தது. கொஞ்ச நேரத்தில் பொந்தின் வாயில் தூக்கம் கலையாத முகம் ஒன்று தெரிந்தது. ஜோடி கூப்பிடுகிறது என்று நம்பி, வெட்டவெளிச்சத்தில் அது கிளைக்கு வந்து உட்கார்ந்தது.

"வரும்னு சொன்னேன்ல?" என்றார், கேமராவுக்குப் பின்னாலிருந்து.

பகலில் ஆந்தையைக் கண்டால் காக்கை சும்மா விடுமா? நாலைந்து சேர்ந்து கொத்த வந்தன. அது பொந்துக்குள் ஓடியது. படத்தில் ஒரு இலை மறைக்கிறது என்று மறுபடி குரலைப் போட்டார். மறுபடி வந்தது, மறுபடி காக்கைகள். பாவம், போதும் மாமா என்றேன். பகலெல்லாம் தூங்குவதைத் தவிர அதற்கு வேறென்ன வேலை என்று கேட்டுவிட்டு மூன்றாம் முறையும் போட்டார்.

அப்போதும் வந்தது. அந்த முட்டாள் ஜீவன் அப்போதும் வந்தது. ஒரு காக்கை மண்டையில் அடித்ததும் சருகில் பொத்தென்று விழுந்தது. ஒரு இறக்கை விரிந்து கிடக்க, கண்ணில் தூசியோடு, ஸ்பீக்கர் பக்கமே தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது. அவர் மண்டியிட்டு, இந்த மாதிரி படம் கிடைக்கவே கிடைக்காது என்றபடி எடுத்துத் தள்ளினார். உதட்டோரம் எச்சில் பளபளத்தது. எனக்குச் சீ என்று போய்விட்டது.

ஸ்பீக்கரை அணைத்தேன்.

"சாக்கடையில நிக்கும்போதுகூட எனக்குக் குமட்டல சார். இப்பக் குமட்டுது."

அவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் காக்கைகளை விரட்டிக்கொண்டு, ஆந்தை தத்தித் தத்திப் புதருக்குள் போகும்வரை நின்றுவிட்டு, பஸ் பிடித்து வீடு வந்தேன்.

சாயங்காலம் அவன் ஃபோன் செய்தான். அப்பா மனசு உடைந்து போயிருக்கிறார், ஒரு மன்னிப்புக் கேட்டுவிடு என்றான். முடியாது என்றேன். மறுபடி கூப்பிட்டுக் கல்யாணத்தை ஞாபகப்படுத்தினான். ஒரு பறவைக்காகவா என்றான். வைத்துவிட்டேன். வைத்துவிட்டு அழுதேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இருட்டும் நேரத்தில் மறுபடி கூப்பிட்டான். இந்தத் தடவை குரலே வேறு.

"டப்பா, கீழ வாயேன். தனியாத்தான் வந்திருக்கேன். ஒன்னப் பாக்கணும்."

அந்தக் குரலுக்கு நான் எப்போதும் அப்படித்தான். தலைகூட வாராமல் படியிறங்கி ஓடினேன். தெருவிளக்குக்குக் கீழே கார் நின்றது. நான் கிட்டே போனதும் பின் கண்ணாடி இறங்கியது. உள்ளே அவன் அப்பா. பைனாகுலரை இன்னும் கழற்றவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே, முன்னால் இருந்த மகனின் தோளைத் தட்டினார்.

"வருவாள்னு சொன்னேன்ல?"

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி சிரித்தான். சங்கடச் சிரிப்புதான். ஆனால் அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

படியேறி வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். குழாயைத் திறந்து, முழங்கை வரை சோப்புப் போட்டேன். மேஜைமேல் ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. நான் கழுவிக்கொண்டே இருந்தேன்.