செருப்புப் போட்ட வேண்டுதல்

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆவணியில் எங்கள் எதிர்வீட்டு ராக்கையா ஒரு அடுப்பு ஏலக்காயைக் கருக்கிவிட்டார். குரங்கணிக்கு மேலே அவருக்குத் தோட்டம். காய் உலர்த்தும் ஸ்டோரில் தீயைத் தூண்டிவிட்டு, பதம் பார்த்துக் கொள்ளியை வெளியே இழுக்க மறந்து, பாறையில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதே வாரம் பெண்டாட்டி வேலுத்தாயை, செத்துப்போன தன் தங்கச்சி பேரைச் சொல்லி ‘பேச்சி’ என்று கூப்பிட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்கள் ஜன்னல் அவர்கள் வாசலைப் பார்த்துத்தான் இருக்கிறது. நானா கட்டினேன் அந்த வீட்டை?

மகன் காசிமாயன் கறாராகச் சொல்லிவிட்டான். “தை வரைக்கும் பாப்பேன். இப்பிடியே இருந்தா அப்பா மலையேற வேணாம். வீட்டுல கெடக்கட்டும்.”

பதினைந்து வருஷச் சர்க்கரை காலை மட்டுமல்ல, மூளையையும் அரிக்கும் என்றாராம் டாக்டர். “தெனம் ஒரு மணி நேரம், மூச்சு வாங்குற மாதிரி வெரசா நடக்கட்டும். ரத்தம் ஓடுனா மூளைக்கும் நல்லது. போனது வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். இருக்கறது நிக்கலாம்.” வெறுங்காலோடு மட்டும் நடக்கக் கூடாதாம்.

புருஷனும் பெண்டாட்டியும் முந்தல் ரோட்டில் இறங்கினார்கள். ஊர் நடக்க விட்டால்தானே? மலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பெல்லாம் நின்றது. “மொதலாளி நடக்கவா? நாங்க என்ன செத்தா போயிட்டோம்? ஏறுங்க!” என்று டிரைவர் மலைச்சாமி கையைப் பிடித்து முன்சீட்டில் உட்கார்த்திவிடுவான். எதற்கு நடக்கிறோம் என்பதே ஜீப்பைக் கண்டதும் ராக்கையாவுக்கு மறந்துபோகும். சொந்த ஜீப்பை விற்றுவிட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு வேறு. கிளப்பியது யார் என்பது இப்போது எதற்கு?

பதினோராம் நாள் வேலுத்தாய் அவர் இடுப்பில் மஞ்சள் துண்டைக் கட்டி, கழுத்தில் துளசிமாலையும் போட்டு அழைத்துப் போனாள். அதன்பிறகு ஒரு ஜீப்பும் நிற்கவில்லை. வேண்டுதல் நடையில் இருப்பவரை ஏற்றினால் பாவம் யாருக்கு? மலைச்சாமி ஒரு கையால் கும்பிட்டுக்கொண்டே போனான்.

என் கண் மட்டும் அவர் காலுக்குப் போனது. வாசலில் மறித்துவிட்டேன்.

“ஏன்டி வேலுத்தாயி, கான்வாஸ் செருப்புப் போட்டு நடக்குற வேண்டுதலு எந்தச் சாமிக்கு?”

அவள் சிரிக்கவில்லை. “இவரு மலைக்குப் போகணும் மதினி. என்னைய எம்பேரச் சொல்லிக் கூப்பிடணும். அதான் வேண்டுதலு. ஊருல சொல்லிராதீக, ஜீப்பு நின்னுரும்.”

சொல்லவில்லை. நாலு மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தையில் காசிமாயன் அப்பாவை ஸ்டோருக்குக் கூட்டிப்போனான். துணைக்கு வேலுத்தாய், அவளுக்குத் துணைக்கு நான். ஸ்டோர் ஆட்கள் உட்பட யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தான். ராக்கையா தீயைத் தூண்டிவிட்டுப் பாறையில் போய் உட்கார்ந்து மலையைப் பார்த்தார். நேரம் போனது. வேலுத்தாயின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது.

அவர் எழுந்தார். உள்ளே போய்க் காய் பரப்பிய தட்டின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

“தீய இழுங்கடா. காயி கருகுது.”

காசிமாயன் ஸ்டோர்ச் சாவியை அப்பா கையில் வைத்தான்.

இறங்கும்போது ராக்கையா திரும்பிப் பார்த்தார். “பேச்சி, வெரசா வா. பொழுது சாயுது.”

“இந்தா வர்றேன்” என்றாள் வேலுத்தாய்.

மறுநாள் விடிகாலையில் எதிர்வாசல் திறந்தது. வேலுத்தாய் குனிந்து அவர் செருப்பு நாடாவுக்கு முடிச்சுப் போட்டுவிட்டு, மஞ்சள் துண்டை இறுக்கிக் கட்டினாள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன்.