தண்ணீர் தெறிக்க உட்காரும் முறை

1

இந்தக் கதை ஒரு நீச்சல்குளத்தின் கரையில் பிறந்தது என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில், பக்கத்து நாற்காலிக்காரரின் கைப்பேசியை எட்டிப் பார்த்ததில் பிறந்தது. அதில் ஒருவர் குளத்தில் குதித்தார், தண்ணீர் கூரை உயரத்துக்கு எழும்பியது. எந்த வாகில் குதித்தால் அப்படித் தெறிக்கும் என்று கேட்பதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். வாயைப் பிளந்து படுத்திருந்த நேரத்தில் மனதுக்குள் ஒரு குடும்பம் வந்து சேர்ந்தது.

முதல் வரி இப்படி இருந்தது: 'நீர், மனித நாகரிகத்தின் தொட்டிலாக—'

(அடித்துவிட்டேன். தொட்டில் என்றதும் வாசகர் தூங்கிவிடுவார்.)

இரண்டாவது: 'மாமனார் வெள்ளைச் சட்டையில் குளத்தோரம் அமர்ந்திருந்தார்.' இது தேவலை. இஸ்திரி போட்ட சட்டை என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2

மாமனார் ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர். (எந்தத் துறை என்று கேட்காதீர்கள். அவரே சொல்ல ஆரம்பித்துவிடுவார்.) விடுமுறைக்காக வாடகைக்கு எடுத்த வீட்டின் பின்னால் சின்னதாக ஒரு நீச்சல்குளம். அவர் அதில் கட்டைவிரலைக்கூட நனைக்கவில்லை. ஆனால் விளக்கம் மட்டும் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது.

"குதிக்கறதுல மூணு நிலை இருக்கு. முழங்காலக் கட்டிக்கிட்டு உருண்டையா விழுந்தா அது குண்டு. வயித்தால விழுந்தா பலகை. ஒரு கால மடக்கி, ஒரு கால நீட்டினா நொண்டி. எதுவானாலும் எடை வேணும். தண்ணி ஆளப் பாத்துதான் மரியாத குடுக்கும்."

"நீங்கதான் ஒருவாட்டி குதிச்சுக் காட்டுங்களேன்," என்றார் மாமியார்.

"நான் மேற்பார்வை."

அவருக்கு இரண்டு மருமகன்கள். மூத்தவர் சிமெண்ட் மொத்த வியாபாரி, உடம்பும் மொத்தம்தான். அவரைக் கண்டால் "வாங்க மாப்ள!" இளையவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், மகள் தானாகத் தேர்ந்தெடுத்தவர். கல்யாணமாகி மூன்று வருடமாகியும், அவர் எதிரிலேயே நிற்கும்போது, மாமனார் மகளைப் பார்த்துத்தான் கேட்பார்: "கண்ணாடிக்கடைக்காரர் சாப்பிட்டாரா?"

நானும் அவரைக் கண்ணாடிக்கடைக்காரர் என்றே அழைக்கப்போகிறேன். வாய் தவறி 'மாப்பிள்ளை' என்று சொல்லிவிட்டால் கதை இங்கேயே முடிந்துவிடும். அந்த ஒரு சொல்லைத் தன் காதால் ஒருமுறை கேட்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

அதற்காக அவர் படும் பாடு! மாமனார் கையைக் காட்டினால் சோபாவின் நுனியில் உட்காருவார். உட்கார்ந்த இடம் சூடாகும் முன் விறைத்து எழுந்துவிடுவார். மறுபடி கை காட்டினால் மறுபடி அதே கதை.

(இவ்வளவு அடங்கிய ஆள் கதைக்குத் தாங்குவாரா என்று எனக்கே சந்தேகம். ஒரு வரைவில் மீசை வைத்துப் பார்த்தேன். மாமனார் இருமியதும் மீசையும் எழுந்து நின்றது. எடுத்துவிட்டேன்.)

3

போட்டியை அறிவித்தவர் மாமனார்தான். யார் கிளப்பும் தண்ணீர் தன் நாற்காலியைத் தொடுகிறதோ அவரே வெற்றியாளர். தண்ணீர் வராத தூரத்தைக் கணக்குப் பண்ணித்தான் நாற்காலியைப் போட்டிருந்தார்.

மூத்தவர் குண்டு போட்டார். குளத்தில் பாதி வெளியே வந்து, மாமனாரின் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி மரியாதையாக நின்றது.

"சபாஷ் மாப்ள!"

"நீங்களும் போங்க," என்றாள் கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி.

"வேணாம்மா. சளி புடிக்கும்."

"அப்பா உங்களத்தான் பாக்கறாரு."

"எதுக்கு?"

"வர மாட்டீங்கன்னு."

அவர் கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். ஓடினார். 'கழுகைப் போலப் பாய்ந்—' (கண்ணாடி இல்லாத கழுகு. வேண்டாம்.) குதித்தார், அவ்வளவுதான். குண்டு போடுவதாகத்தான் எண்ணம். அந்தரத்தில் இருந்தபோது, ஈரத்தோடு கரையேறிய மூத்தவரைப் பக்கத்தில் உட்காரும்படி மாமனார் கை காட்டினார்.

மங்கலாகத் தெரிந்தாலும் அந்தக் கை யாருடையது என்று கண்ணாடிக்கடைக்காரரின் உடம்புக்குத் தெரியும். அந்தரத்திலேயே உட்கார்ந்தது. பின்புறம் கீழே, கால்கள் முன்னால், முதுகு சற்றுச் சாய்ந்து, பாதி திறந்த புத்தகம் போல. உட்கார்ந்த இடம் தண்ணீரைத் தொட்டதோ இல்லையோ, வழக்கப்படி உடம்பு விறைத்து எழுந்தது, தண்ணீருக்கு அடியில்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: பெரிதாகத் தெறிக்க வைக்கும் வாகு இதுவேதான். பின்புறம் பள்ளம் தோண்ட வேண்டும்; உள்ளே போனதும் உடம்பு விரிந்து பள்ளத்தைப் பெரிதாக்க வேண்டும்; நாலாபக்கத் தண்ணீரும் அதை மூட ஓடிவந்து முட்டிக்கொண்டு மேலே பீய்ச்சும். ஆனால் கொஞ்சம் தாமதமாக.)

முதலில் 'ப்ளக்' என்று மட்டும் கேட்டது.

"என்ன சகல, கல்லு விழுந்த மாதிரி இருக்கு!" என்று மூத்தவர் சிரித்தார்.

மாமனார் தீர்ப்பு வழங்க எழுந்து நின்றார். "நான்தான் சொன்னேனே, எடை இல்லாதவன—"

(இந்த வாக்கியத்தை அடித்தது நான் அல்ல.)

4

முடிவுகள்.

மாமனார் அவரைக் கட்டிக்கொள்கிறார். எழுதிப் பார்த்தேன், இனிப்பு திகட்டியது. கோபித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறார். சாத்தலாம்தான், ஆனால் மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு கதவுக்குள்ளும் கேட்கிறது. 'காலம் எல்லாவற்றையும்—' ச்சீ.

ஆகவே உள்ளது உள்ளபடி. சட்டை தொப்பையோடு ஒட்டிப்போய், தலைமைப் பொறியாளர் சொட்டச் சொட்ட நிற்கிறார். கண்ணாடிக்கடைக்காரர் தலையை வெளியே நீட்டி, விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்க அவசரமாக மேலேறப் பார்க்கிறார். மனைவி தோளை அழுத்துகிறாள்.

"இருங்க. அப்பா பேசட்டும்."

மாமனார் வாயில் புகுந்த தண்ணீரைத் துப்புகிறார். உதடுகளை மூடுகிறார். 'கண்ணாடிக்கடைக்காரர்' என்று தொடங்க உதட்டை மூட வேண்டியதில்லை. 'மாப்ள'வுக்கு மூட வேண்டும். 'மடையா'வுக்கும் மூடத்தான் வேண்டும்.

கண்ணாடி இன்னும் மனைவியின் கையில். அவருக்கு அந்த முகத்தில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. நான் எழுதுகிறவன், என் மேலும் தண்ணீர். கரையில் காய்ந்து நிற்பவர் நீங்கள் ஒருவர்தான். எந்தச் சொல் என்று சீக்கிரம் சொல்லுங்கள், அவருக்குச் சளி பிடித்துவிடும்.