ஆங்கிலத்தில் சாந்தம்மாள்

2025 பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை காலை, ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரை அடுத்த ஒரு சிற்றூரில், சாந்தம்மாளின் வீட்டு வாசலில் திருப்பத்தூரிலிருந்து வந்த கார் ஒன்று நின்றது.

காரில் வந்தவர் சிவசங்கரி. கல்லூரியில் ஆங்கிலம் கற்பிப்பவர். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதும் கவிஞர்களின் தொகுப்பு ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தார். சாந்தம்மாளின் மருமகள் கலைவாணி எழுதிய கவிதை அதற்குத் தேர்வாகியிருந்தது. அச்சில் வரப்போகும் அவளுடைய முதல் கவிதை. ஒரு நிபந்தனைதான் பாக்கி. கவிதையில் பெயரோடு வருகிறவர்கள் அதைத் தங்கள் மொழியில் கேட்டுச் சம்மதிக்க வேண்டும்.

இந்த விதியைச் சிவசங்கரி காரணத்தோடுதான் வைத்திருந்தார். ஆங்கிலத்தில் எழுதும் நம் கவிஞர்களிடம் வீட்டு மனிதர்கள் நிறைய வருவார்கள்: குடிக்கிற அப்பா, வாய் ஓயாத மாமியார், சொத்தை விற்ற சித்தப்பா. அவர்கள் யாரும் இதைப் படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில்தான் அந்த வரிகளில் பாதி பிறக்கின்றன. சிவசங்கரியும் அப்படி எழுதியவர்தான். அண்ணனைப் பற்றிய ஒரு கவிதையை அண்ணன் மகளே தன் அப்பாவுக்குத் தமிழில் சொல்லிவிட்டாள். அதன் பிறகு வந்த பொங்கலுக்கு அந்த வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை.

கலைவாணி இதைத் தொலைபேசியிலேயே முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். புத்தகத்தில் உங்கள் பெயர் வருகிறது என்று மாமியாரிடம் முன்பே சொல்லியிருந்தாள். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டதற்கு, பனி, விடியற்காலை, புளியமரம், நீங்கள் என்றாள். அதில் பொய் எதுவும் இல்லை. சாந்தம்மாள் அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அதனால் கார் வந்ததும் ஊரும் வந்தது. புளியமரத்துக்குச் சொந்தக்காரரான கோபால்சாமியும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

பெயரை மாற்றிவிடலாமா என்று கலைவாணி சிவசங்கரியை உள்ளே அழைத்துப் போய் மெதுவாகக் கேட்டாள். மாற்றலாம் என்றார் சிவசங்கரி. ஆனால் ஒவ்வொரு பத்தியும் அந்தப் பெயரில்தான் வந்து நிற்கிறது, வேறு பெயர் அங்கே உட்காருமா என்று அவர் திருப்பிக் கேட்டார். உட்காராது என்பது கலைவாணிக்குத் தெரியும். வேறு பெயர்களை அவள் ஏற்கெனவே வைத்துப் பார்த்திருந்தாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தானாக விழுந்த புளி பொறுக்குகிறவருக்கு. உலுக்கி விழுந்தது மரத்துக்காரருக்கு. சிவசங்கரி தமிழில் வாசித்தார். முதல் பத்தியில் பனி. சாந்தம்மாள் சுற்றியிருந்தவர்களைப் பெருமையோடு பார்த்தார். இரண்டாவதில், கவிதையில் வரும் சாந்தம்மாளுக்கு முதுகு அரித்தது. கோபால்சாமியின் இளமரத்தில் சாய்ந்து வெகுநேரம் சொறிந்துகொண்டார். மூன்றாவதில் சுற்றிலும் புளி உதிர்ந்தது. அவர் ஆச்சரியத்தோடு மேலே பார்த்து, காற்றுக்கு நன்றி சொல்லி, முந்தானையை விரித்தார்.

பின்னால் யாரோ இருமினார்கள்.

“இன்னா கலா, இதத்தான் இங்கிலீசுல எழுதுவாங்களா?” என்றார் சாந்தம்மாள்.

“உங்களுக்குப் புரியாதுன்ற தைரியத்துல எழுதிட்டேன் அத்தை.”

கோபால்சாமி சாவகாசமாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “வேப்பெண்ணெ வாங்கியாந்து தர்றேன், தங்கச்சி. தேச்சுக்க. மரம் பாவம்.”

கூட்டம் சிரித்தது. சாந்தம்மாள் சிரிக்கவில்லை. இந்தக் கவிதை அச்சாகாது என்று கலைவாணி அப்போது முடிவுகட்டிக்கொண்டாள்.

“நீ சிரிக்காத அண்ணா” என்றார் சாந்தம்மாள். “எங்க பலாமரத்துக்கு வருசா வருசம் ஒரே கொரங்குதான் வருது. அது கையில கோலு இருக்குது, தோள்ல துண்டு இருக்குது. டீச்சரம்மா, அந்தக் கொரங்கையும் பேரு போட்டு எழுதுனா எம் பேரு இருக்கட்டும். இல்லன்னா வாணாம்.”

குரங்கு கடித்த பலாவை யாரும் எடுக்கலாம் என்பதும் அந்த ஊர் வழக்கம். இந்த முறை கோபால்சாமியைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

கவிதை முழுமையாக இருக்கிறது, ஒரு பத்தி கூடினாலும் உடைந்துவிடும் என்றார் சிவசங்கரி. கலைவாணி செல்போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனாள். அவள் எழுதி முடிப்பதற்குள் சிவசங்கரி சாமைச் சோறு சாப்பிட்டு, மறுசோறும் வாங்கிக்கொண்டார்.

புதிய பத்தியைக் கலைவாணியே தமிழில் சொன்னாள். தோளில் துண்டோடு வந்து, கோலால் பழத்தில் ஓட்டை போட்டுவிட்டு, வீட்டுப்பக்கம் திரும்பி, குரங்கு கடித்துவிட்டது என்று கோபால்சாமி குரல் கொடுப்பது அதில் இருந்தது. அவர் கடைசி வரி வரை கேட்டார்.

“அந்தத் துண்ட மட்டும் எடுத்துடும்மா. படிக்கிறவங்க நான்னு கண்டுபுடிச்சிருவாங்க.”

“பேரே இருக்குது. துண்டு போனா இன்னா, இருந்தா இன்னா” என்றார் சாந்தம்மாள்.

கோபால்சாமி இருக்கட்டும் என்றார். சாந்தம்மாளும் சரி என்றார். சிவசங்கரி ஆங்கில வடிவத்தை இரண்டு முறை படித்தார். பழைய முடிவுதான் வழவழப்பாக இருந்தது, இது கரடுமுரடாக இருக்கிறது, இதையே எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

தொகுப்பு ஆகஸ்டில் வெளிவந்தது. கலைவாணியின் கவிதை நான்கு பத்திகளோடு அதில் அச்சாகியிருந்தது.