சைக்கிள் நின்ற பக்கம்

“ஒரு போன் போட்டா உனக்கு என்னடி குறைஞ்சு போயிடும்…”

“போட்டா இவ்வளவு தூரம் வந்ததே வீண்னு எத்தனை தடவை…”

“வந்திருக்கேன்னு ஒரு வார்த்தை…”

“நீ சும்மா இரு. என்னைப் பார்த்ததும் அவன் மூஞ்சி மாறுறதை நான் கண்ணால பார்க்கணும்.”

விமானத்தில் ஆரம்பித்த சண்டை, இப்போது அந்நிய ஊரின் சாலையோரக் கயிற்றைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தது. தையல்காரியும் விடுவதாக இல்லை. கூட வந்த நர்ஸும் ஓய்வதாக இல்லை. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். தையல்காரியின் ஒரே மகன் நர்ஸைப் பெரியம்மா என்பான். பெற்றவளிடம் சொல்லாததையும் அவளிடம் சொல்வான் என்று தையல்காரிக்கு உள்ளூர ஒரு பொறாமை.

சம்பளத்துக்கு சைக்கிள் பந்தயம் ஓட்டுகிற பிள்ளை. வீட்டுக்கு வரச் சொன்னால் பயிற்சி என்பான். வீட்டுப் பக்கம் வந்து வருஷங்களாயிற்று. இந்தப் பெரிய பந்தயம் அவன் தங்கியிருக்கும் ஊர் வழியாகப் போகிறதென்று போனில் சொல்லியிருந்தான். யாருடைய ஊர் வருகிறதோ அவனை மற்றவர்கள் முன்னால் போக விடுவார்களாம். அவன் இறங்கி, தன் மனுஷர்களைக் கட்டிக்கொண்டுவிட்டு, மறுபடி கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளலாமாம். அங்கே உனக்கு யாருடா இருக்கா என்று கேட்டதற்குச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளை விமானம் ஏற்றியது. பிள்ளை நடுரோட்டில் இறங்கி, கட்டிக்கொள்ள நாதியில்லாமல் நிற்பதா?

வெயிலாக இருக்கிறது, அந்தத் திருப்பத்துக்குப் போய்விடலாம் என்று நர்ஸ் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். தையல்காரி பிடித்துவைத்த பிள்ளையார்போல அசையவில்லை.

பந்தயத்துக்கு வழி ஒதுக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிள்கள் போயின. பின்னால் ஒருவன் மட்டும் தனியாக வந்தான். தலைக்கவசத்துக்குள் முகம் தெரியவில்லை; ஆனால் இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அந்தத் தோளுக்கென்றே சட்டையில் ஒரு பிடிப்பு வைத்துத் தைத்தவள் அல்லவா அவள்? கயிற்றுக்கு அடியில் குனிந்து சாலைக்கு வந்து, இரண்டு கைகளையும் நீட்டினாள்.

சைக்கிள் எதிர்ப்பக்கம் ஒதுங்கி நின்றது.

கண்ணாடி போட்ட ஒரு பெண். இடுப்பில் குழந்தை. அவன் அந்தப் பெண்ணின் நெற்றியில் நெற்றியை வைத்தான். குழந்தை அவன் தலைக்கவசத்தைத் தட்டித் தட்டிச் சிரித்தது. முத்தம் வாங்கிக்கொண்டு அவன் ஏறி மிதிக்கவும், கூட்டம் காற்றாக வந்து அவனை அள்ளிக்கொண்டு போகவும் சரியாக இருந்தது. இந்தப் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

அதற்குள் நர்ஸ் அவளைப் பின்னுக்கு இழுத்திருந்தாள். நீட்டிய கைகள் நீட்டியபடியே இருந்தன. ஈயாடவில்லை முகத்தில். உட்காரச் சொன்னது அவள் காதில் விழவில்லை; நீட்டிய தண்ணீரையும் வாங்கவில்லை.

சாலை காலியானதும் குழந்தை நன்றாகத் தெரிந்தது. மஞ்சள் கவுன். ஒரு கை மஞ்சள், ஒரு கை பச்சை.

துணி பற்றாமல் போய், இதுதான் இப்போ ஃபேஷன் என்று கேலி பேசி அவளே அப்படித் தைத்துக் கொடுத்தது. ஆஸ்பத்திரி டாக்டரம்மாவின் பேத்திக்கு என்று சொல்லி நர்ஸ்தான் வாங்கிப் போனாள்.

தையல்காரி திரும்பினாள். குரல் உயரவில்லை.

“ஏண்டி, அந்தக் கவுனுக்கு உனக்கு அளவு சொன்னது யாரு?”